பதினோரு பேர், ஒரு விரல்

மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய். திருமலை எனக்குத் தர வேண்டிய கூலி அது. நாளொன்றுக்குத் தொள்ளாயிரத்து அறுபது வீதம் நாலு நாள். திருவொற்றியூர் கிடங்கில் டைல்ஸ் ஒட்டும் பவுடர் மூட்டைகளைக் கண்டெய்னரிலிருந்து இறக்கினோம். ஒரு மூட்டை இருபது கிலோ. மொத்தம் எத்தனை மூட்டை என்று சூப்பர்வைசர் காகிதத்தில் இருக்கும். என் தோளில் இன்னும் இருக்கிறது.

தர மாட்டேன் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம். "சைட்டு லாக் ஆயிட்சி ஜெயவேலு, என் கைல இன்னா கீது" என்றான். இருபத்து மூன்று நாள் இதையேதான் சொன்னான்.

போனில் திறக்கிற அந்த சைட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருமலை ஆள் சப்ளை செய்கிறவன். திருவொற்றியூரிலிருந்து மணலி வரைக்கும் உள்ள கிடங்குகளுக்கு மூட்டை தூக்க எழுபது பேர் அவன் மூலமாகப் போகிறோம். முன்பெல்லாம் பீம்ராவ் மேஸ்திரி சாயங்காலம் கேட்டில் நின்று தலையை எண்ணுவார், நோட்டில் எழுதுவார், சனிக்கிழமை கவரில் காசு வரும். நோட்டில் தப்பு வந்தால் பீம்ராவிடம் கத்தலாம். அவரும் பதிலுக்குக் கத்துவார். அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

இந்த வருஷம் கம்பெனிகள் எல்லாம் கணக்கை ஆன்லைனில் கேட்கிறார்கள் என்று திருமலை யாரையோ பிடித்து ஒரு சைட்டு போட்டான். பீம்ராவை வீட்டுக்கு அனுப்பினான். இனிமேல் ஒவ்வொருத்தனும் வேலை முடிந்ததும் சைட்டைத் திறந்து, போன் நம்பர் போட்டு, வருகிற ஓடிபியைப் போட்டு, கடைசியில் ஒரு பட்டையை இடமிருந்து வலமாக விரலால் தள்ள வேண்டும். தள்ளினால் அன்றைக்கு வேலை செய்ததாகக் கணக்கு. தள்ளாவிட்டால் அன்றைக்கு நீ பிறக்கவே இல்லை.

நான் எழுத்துக் கற்றது நாற்பத்தொன்றாவது வயதில். வியாசர்பாடியில் எங்கள் தெருப் படிப்பகத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில். வெள்ளைத்தாளில் கறுப்பு எழுத்தாகக் கொடுத்து, அவசரப்படுத்தாமல் இருந்தால் எதையும் படித்துவிடுவேன். இந்த சைட்டு எனக்கென்றே எதிராகச் செய்தது போல இருந்தது. வெள்ளைத் திரை, அதன் மேல் அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் எழுத்து, கடுகு அளவு. அதுவும் இங்கிலீஷ். யார்டு வெயிலில் போனைத் தூக்கினால் என் மூஞ்சிதான் தெரிந்தது. ஓடிபிக்கு முப்பது விநாடி. மெசேஜுக்குப் போய் நம்பரைப் பார்த்து, மனசில் சொல்லிக்கொண்டே திரும்பி வந்து நாலாவது எண்ணைப் போடும்போது நேரம் முடிந்திருக்கும். மூன்று தடவை தப்பினால் ஒரு மணி நேரம் கழித்து வா என்று துரத்திவிடும்.

எப்படியோ அதைத் தாண்டினாலும் பட்டை நகராது. பவுடர் தோலைத் தின்றுவிடும். காய்ப்புக் காய்த்து, வெடித்து, எங்கள் விரல் நுனி மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. அந்த விரலைப் போனுக்கு அடையாளம் தெரியவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தால் பாதி தூரம் வரும், பிறகு விட்ட இடத்துக்கே ஓடிப்போகும்.

முதல் நாள் திங்கட்கிழமை. வேலை முடித்துவிட்டு எங்கள் குழுவின் பதினோரு பேரும் கேட்டுக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்று தேய்த்தோம். என் பக்கத்தில் மூட்டை தூக்குகிற அப்சல் போனைக் கீழே வைத்துக் குனிந்து மூக்கால் தள்ளினான். பட்டை நகர்ந்தது.

"மூக்குக்குத் தனியா கூலி போடச் சொல்லு மாமு" என்றான்.

"ஒன் மூக்கு ஃபோர்க்லிஃப்டு. எங்க மூக்கெல்லாம் சப்பையா கீது, இன்னா பண்றது" என்றான் லாரி மேல் நின்று மூட்டை எடுத்துக் கொடுக்கும் டென்னிஸ்.

எதிரில் டீக்கடை போட்டிருக்கும் இருதயம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல் கிளாஸ் கழுவின கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"கலீஜ் புடிச்சவனுங்களா, ரோட்ல வுழுந்து போன மோந்துகினு கீறீங்க. நம்பர சொல்லுங்கடா, என் போன்லயே போட்டுத் தர்றேன்."

தண்ணீரிலேயே ஊறின விரல் அவளுக்கு. தொட்டதும் பட்டை வழுக்கிக்கொண்டு போனது. நாங்கள் வரிசையாக நின்று அவரவர்க்கு வந்த ஓடிபியைக் கத்தினோம், அவள் போட்டாள். பன்னிரண்டு நிமிஷத்தில் பதினோரு பேர் கணக்கும் முடிந்தது. திங்கள், செவ்வாய், புதன், வியாழன் நாலு நாளும் இப்படித்தான்.

இதில் தப்பு இருக்கும் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. எங்கள் வேலையில் கை ஒருத்தனுக்கென்று இருப்பதில்லை. தலையில் மூட்டை இருக்கிறவன் கண்ணில் வியர்வை இறங்கினால் பக்கத்தில் இருப்பவன் துடைப்பான். பீடியை ஒருத்தன் வாயில் இன்னொருத்தன் வைப்பான். கேட்டு ரிஜிஸ்தரில் பதினோரு பேருக்கும் டென்னிஸ்தான் கையெழுத்துப் போடுவான், லாரி மேலே நிற்கிறவன் கை கொஞ்சம் சுத்தமாக இருக்கும் என்பதால். பத்து வருஷமாக அப்படித்தான். எந்தக் கை சும்மா இருக்கிறதோ அது எல்லோருக்கும் வேலை செய்யும்.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லோர் போனிலும் சிவப்புப் பட்டை. உள்ளே விடவில்லை. கேட்டிலும் விடவில்லை, சைட்டில் பேர் இல்லாதவனுக்குக் கிடங்கில் வேலை இல்லை. தேரடி போன் கடைக்காரர் படித்துப் பார்த்து, "உங்க கணக்கை நிறுத்தி வச்சிருக்காங்க" என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை.

ராயபுரத்தில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடைக்கு மாடியில் திருமலை ஆபீஸ். நாலு தடவை ஏறினேன். ஒவ்வொரு தடவையும் அதே பதில். "சிஸ்டம் பண்ணிட்ச்சிபா. அதுவா லாக் பண்ணுச்சி, அதுவா தொறக்கும்." மூன்றாம் தடவை அவன் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இடியாப்பத்தில் பாயா ஊற்றிக்கொண்டே சொன்னான்.

வேறு வழியில்லாமல் காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கினேன். அங்கே வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தால் அதிகம். ஐந்தாம் தேதி வாடகை நின்றுபோனது. என் சம்சாரம் பூவம்மா கேட்டாள்:

"சைட்டு லாக்குன்னு சொன்னா வூட்டுக்காரம்மா சரிம்பாளா? நம்ம வூட்ட லாக் பண்ணிட்டுப் பூடுவா. இன்னும் பத்து நாள்தான் டைம் குடுத்துகீறா."

அந்தப் பத்து நாளில் எட்டு கரைந்த பிறகு திருமலையே கூப்பிட்டான். குரலில் வெல்லம்.

"ஜெயவேலு, சைட்ட சரி பண்றதுக்கு ஒரு பொண்ணு வர்து. படிக்கத் தெரிஞ்சும் தெரியாத ஆளு ஒருத்தர் வேணுமாம், வச்சிப் பாக்கறதுக்கு. நீதான் கரெக்ட்டு. அர நாளுக்கு ஐநூறு ரூபா, பிரியாணி."

"என் கூலி?"

"மொதல்ல வாபா."

படிக்கத் தெரிஞ்சும் தெரியாத ஆள். போனை வைத்த பிறகும் அது காதில் குத்திக்கொண்டே இருந்தது. போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். அந்த சைட்டு சம்பந்தமான ஒரு மனுஷ முகத்தையாவது பார்த்துவிட வேண்டும் என்று போனேன்.

நர்மதா என்று பேர் அந்தப் பெண்ணுக்கு. வண்ணாரப்பேட்டையில் துணிக்கடைகளுக்கு சைட்டு சரிசெய்து கொடுக்கிறவள், முப்பது வயது இருக்கும். பெரிய கம்பெனி ஒன்று திருமலைக்கு நூறு ஆள் கான்ட்ராக்ட் தருவதாகச் சொல்லி, எல்லோராலும் பயன்படுத்தக்கூடிய சைட்டு இருந்தால்தான் என்று நிபந்தனை போட்டிருக்கிறது. அதனால்தான் இந்தப் புது அக்கறை. திருமலை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தன் போனில் என்னை வீடியோ எடுத்தான். கம்பெனிக்குக் காட்ட வேண்டுமாம்.

அவள் ஒரு போனை என் கையில் கொடுத்தாள். "அண்ணா, இதுல ராமன்னு ஒருத்தர் பேர் போட்டிருக்கேன். அவர் ஷிப்ட்டை முடிச்சுக் காட்டுங்க. தப்பானா பரவால்ல, உங்களைச் சோதிக்கல, சைட்டைத்தான் சோதிக்கிறோம்."

தேய்த்தேன். ஓடிபி நேரம் போனது. மறுபடி தேய்த்தேன். பட்டை பாதியில் திரும்பியது. அவள் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். ஆறாவது தடவை போனை மேசையில் வைத்தேன்.

"இன்னாமா எழுதற? எங்கைய காட்டட்டா, அதையும் எழுதிக்கோ" என்று இரண்டு உள்ளங்கையையும் அவள் முகத்துக்கு நேரே விரித்தேன்.

அவள் பின்னால் நகரவில்லை. என் கட்டைவிரல் நுனியைத் தன் பேனா முனையால் தொட்டாள். "இது தெரியுதா அண்ணா?"

"இன்னா?"

"நான் தொட்டது."

தெரியவில்லை.

அவள் லேப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டு, "எப்படி இருந்தா உங்களுக்குச் சரி, சொல்லுங்க" என்றாள். கேட்டதும் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். எழுத்தைக் கறுப்பாகப் போடு, சுவரொட்டி மாதிரி பெருசாகப் போடு, வெள்ளைக்காரனா இங்கே மூட்டை தூக்குகிறான், எதற்கு இங்கிலீஷ், நாங்கள் பேசுகிற மாதிரி 'வேலை முடிஞ்சுது' என்று எழுதினால் இன்னா குறைச்சல், தள்ளுவதற்கு இது என்ன தள்ளுவண்டியா, அமுக்குகிற மாதிரி வை, ஓடிபிக்கு நேரம் கொடு, நாங்கள் எங்கேயும் ஓடிப்போக மாட்டோம், ஏதாவது கேட்க வேண்டுமென்றால் ஒரு மனுஷன் போன் நம்பர் அதில் இருக்க வேண்டும்.

"பீம்ராவ திரும்பக் கூட்டியாரச் சொல்ற" என்று சிரித்தான் திருமலை.

"ஆமா, கூட்டினு வா" என்றேன். அவன் சிரிப்பை நிறுத்தினான்.

முக்கால் மணி நேரம் நர்மதா தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தாள். திரையின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு மஞ்சள் கட்டம். அதில் கறுப்பு எழுத்தில் 'வேலை முடிஞ்சுது'. எட்டடி தள்ளி இருந்தாலும் படிப்பேன். விரல் நுனி வேலைக்காகாது என்று விரலை மடக்கி முட்டியால் ஒரு இடி இடித்தேன். பச்சையானது. உன் கணக்கு ஏறிவிட்டது ராமன் என்று தமிழில் வந்தது.

திருமலை கைதட்டினான். "சூப்பரு. வீடியோல நல்லா வந்துட்ச்சி."

பிறக்காத ராமனுக்குச் சம்பளம் ஏறிவிட்டது. எனக்கு ஏறவில்லை. போனை நர்மதா பக்கம் தள்ளினேன்.

"ராமன வுடுமா. ஜெயவேலு கணக்க தொற. பழைய சைட்டுல."

"டெஸ்ட்டு முடிஞ்சிட்சிபா, பிரியாணி ஆறுது" என்றான் திருமலை.

"தொறமா."

அவள் திருமலையைப் பார்த்தாள், பிறகு என் நம்பரைக் கேட்டுப் போட்டாள். அதே சிவப்புப் பட்டை. இது என்ன சொல்கிறது என்று கேட்டேன். அவள் படித்துச் சொன்னாள்.

"ஒரே போன்ல இருந்து பதினோரு பேர் கணக்கு வந்ததால, மோசடியா இருக்கலாம்னு நிறுத்தி வச்சிருக்குன்னு போட்டிருக்குண்ணா."

மோசடி. இருபத்து மூன்று நாளாக அந்த வார்த்தையை நான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறேன். ரயிலில், காசிமேட்டில், வீட்டுக்காரம்மா எதிரில். எனக்குத் தெரியாத பாஷையில் இருந்ததால் கூசாமல் நடமாடியிருக்கிறேன்.

"ஏன் எல்லாரும் ஒரே போன்ல போட்டீங்க?" என்று கேட்டாள். இருதயம்மாள் விஷயத்தைச் சொன்னேன். டென்னிஸ் கையெழுத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"சார், இது மோசடி இல்ல. இவங்க வேலை செய்ற முறையே இதுதான். குழுவா ஒருத்தர் பதிவு பண்ணலாம்னு சைட்டுல வழி வச்சிருக்கணும்."

"கரெக்ட்டு, நோட்ல எழுதிக்கமா, அடுத்த மாசம் பண்ணிடலாம்."

"எழுதுறது இருக்கட்டும். இவங்களை நீங்க அன்னைக்கே விடுவிச்சிருக்கலாமே. ஓனர் பக்கத்துல அதுக்கு வழி இருக்கு, அமுக்கினா நிறுத்தி வச்ச கூலி உடனே பேங்குக்குப் போயிடும்."

திருமலை பிரியாணிப் பொட்டலத்தின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"உங்கைல இன்னா கீதுன்னு சொன்னியே அண்ணே" என்றேன். "நாலு தபா படியேறி வந்தேன். நாலு தபாவும் சொன்ன."

"ஜெயவேலு, நான் சொல்றத கேளு..."

"சார்" என்றாள் நர்மதா. சத்தம் போடவில்லை. "ஓனருக்கும் டெஸ்ட் உண்டு. எல்லாரும் பயன்படுத்துற சைட்டுன்னா அதுல நீங்களும் சேர்த்தி. உங்க போன்ல ஓனர் பக்கத்தைத் திறந்து இந்தப் பதினோரு பேரையும் விடுவிச்சுக் காட்டுங்க."

அவன் போனை எடுத்தான். கிட்டே வைத்துப் பார்த்தான், தூரத் தள்ளிப் பார்த்தான், ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தான். எங்கேயோ அமுக்கினான், வேறெங்கேயோ போனது. திரும்பி வந்தான். நேரம் முடிந்துவிட்டது என்று சைட்டு அவனையும் வெளியே தள்ளியது.

"கண்ணாடி வண்டில கீது" என்றான்.

"கண்ணாடி இருந்தா மட்டும்? பட்டன் எங்க இருக்குன்னு தெரியுமா சார்?"

திருமலை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "மூணு தபா தொறந்து பாத்தேன். இன்னா எழுதிகீது, எங்க அமுக்கணும், ஒண்ணும் புரியல. சைட்டு போட்டவன் போன எடுக்கல. யாராண்ட போய்க் கேக்கச் சொல்ற? எழுவது பேருக்கு ஓனரு நானு."

அவன் படகு மேலே போய் வளர்ந்தவன், அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு நொடி இரக்கம் வந்திருக்கலாம். வரவில்லை. இன்னும் கோபம்தான் வந்தது.

"நாப்பத்தோரு வயசுல, எம்பொண்ணு வயசு டீச்சராண்ட, 'இது இன்னா எழுத்து'ன்னு கேட்டேன் அண்ணே. நாலு பேர் சிரிச்சானுங்க. கேட்டேன். உனுக்கு ஒரு வார்த்த கேக்க வெக்கம். அந்த வெக்கத்துக்கு நாங்க பதினோரு பேரு திருடனுங்களா? உன் கவுரவத்த எங்க வவுத்துல ஏன் வச்சி அழுத்தின?"

"தப்புதான்பா."

"தப்புன்னு சொன்னா வூட்டுக்காரம்மா வாங்கிப்பாளா? அமுக்கு."

அவன் நர்மதாவைப் பார்த்தான். அவள் லேப்டாப்பை மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். "நான் காட்டினா டெஸ்ட் ஆகாது சார். எவ்வளவு நேரம் ஆகுதுன்னு எழுதணும்." சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் நேரத்தைக் குறித்தாள்.

கீழே வண்டிக்கு ஆளனுப்பிக் கண்ணாடியைக் கொண்டுவந்தார்கள். போட்டுக்கொண்டு தேடினான். என் பேருக்கு வலது ஓரத்தில் எறும்பு மாதிரி மூன்று புள்ளி. அதைத் தொட்டால் ஒரு பட்டியல் விழுகிறது, அதன் அடியில் சாம்பல் நிறத்தில் இருக்கிறது அந்த வார்த்தை. அதைக் கண்டுபிடிக்க அவனுக்கு இருபத்தேழு நிமிஷம் ஆனது. இரண்டு தடவை போனை வீசப் போனான். நான் நாற்காலியை அவன் மேசைக்கு ஒட்டினாற்போல இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அமுக்கினான். என் போன் அதிர்ந்தது. பேங்க் மெசேஜ். மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது. ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன், மறுபடியும் படித்தேன்.

"வந்துட்ச்சா? சரி, சாப்புடு" என்றான் திருமலை, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே.

"கண்ணாடிய போடு. இன்னும் பத்து பேர் கீறாங்க."

"சாயங்காலம் பண்றேன்பா, இப்பதான் வழி தெரிஞ்சிட்ச்சே."

"அப்சலு பேரு எது? தேடு."

நான் எழுந்திருக்கப் போவதில்லை என்று அவனுக்குப் புரிந்தது. அப்சல் பேரைத் தேடினான். அமுக்கியதும் நான் அப்சலுக்குப் போன் போட்டு, வந்ததா என்று கேட்டேன். வந்ததென்று அவன் வாயால் சொன்ன பிறகுதான் அடுத்த பேர். இப்படியே ஒன்பது பேர். கடைசியாக டென்னிஸ். அவனுக்கு ரிங் போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திருமலை போனைக் கீழே வைக்கப் போனான். இரு என்றேன். மூன்றாவது தடவை எடுத்தான், பின்னால் லாரி ஹாரன்.

"டென்னிஸு, மெசேஜப் பாரு. எவ்ளோ போட்டுகீது?"

"இரு பாக்கறேன்... மூவாயிரத்தி எண்ணூத்தி நாப்பது. யாரு போட்டது?"

"திருமல போட்டான். நம்ம பாக்கி தீந்துட்ச்சி" என்று சொல்லிவிட்டு, அரை நாள் கூலி ஐநூறுக்குக் கையை நீட்டினேன்.